ரெண்டு பிள்ளைக்குப் பிறகு: ஆபரேஷனா, காப்பர்-டியா, ஊசியா?

கேள்வி இது: "எனக்கு 27 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். பெண்ணுக்கு 5 வயது, பையனுக்கு 7 மாதம். ரெண்டுமே சிசேரியன். தாய்ப்பால் கொடுக்கிறேன், இன்னும் குளிக்கவில்லை (மாதவிலக்கு திரும்பவில்லை). ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.4 என்றார்கள். கணவர் சிங்கப்பூரில், தை மாதம் ஒரு மாத லீவில் வருகிறார். மாமியார் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா காப்பர்-டி வைத்து ரத்தம் கொட்டி எடுத்துவிட்டார். ஊசி போட்டால் உடம்பு பெருத்துவிடும் என்கிறார்கள். நான் எதைச் செய்துகொள்வது?"

நான் டாக்டர் இல்லை. கிராம சுகாதார செவிலியராக 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சேர்ந்தபோது எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம். இருந்த இடத்திலேயே இருந்தேன், மாவட்டம்தான் நாகை என்றும் திருவாரூர் என்றும் மாறியது. சைக்கிளில் தொடங்கி டிவிஎஸ் 50ல் முடித்த வேலை. உங்கள் கேள்வியை, ஆள் மாறி ஊர் மாறி, எத்தனையோ திண்ணைகளில் கேட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு அவசரம். "பால் கொடுக்கிறேன், இன்னும் குளிக்கவில்லை, அதனால் தங்காது" என்ற எண்ணம் மனதில் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தாய்ப்பால் கர்ப்பத்தைத் தடுப்பது உண்மைதான். ஆனால் குழந்தைக்கு 6 மாதம் முடியாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் காவல். உங்கள் பையனுக்கு 7 மாதம், இட்லியும் பருப்புச்சாதமும் ஆரம்பித்திருப்பீர்கள். காவல் போய்விட்டது. முதல் மாதவிலக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே முட்டை வெளிப்பட்டுவிடலாம். அதனால் குளிக்காமலேயே தங்கிவிடுவது நம் பக்கம் சர்வ சாதாரணம். நடவு வயலில் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு "வயித்துல வாயு உருளுது சிஸ்டர், மாத்திரை இருந்தா குடுங்க" என்றாள். வரப்பில் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தால் கர்ப்பப்பை தொப்புள் அருகே நிற்கிறது. ஐந்து மாதம். கைக்குழந்தைக்கு அப்போது 11 மாதம்.

உங்களுக்கு அது இன்னும் ஆபத்து. இரண்டு சிசேரியன் ஆன கர்ப்பப்பையில் இரண்டு தழும்பு இருக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின்மேல் ஒட்டி வேர்விட்டால், பிரசவத்தின்போது பிரிக்க முடியாமல் ரத்தம் பெருக்கெடுத்து, பையையே எடுக்க வேண்டி வரலாம். ஆகவே நாள் கணக்குப் பார்ப்பது, "அவர் பார்த்துக்கொள்வார்" என்பது, இதெல்லாம் உங்களுக்குச் சரிவராது. மறந்தாலும் வேலை செய்கிற முறைதான் வேண்டும்.

இப்போது மாமியார் பேச்சுக்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். சிவப்பு முக்கோணம் வரைந்த ஜீப் வரும், முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதில் எங்கள் பங்கும் உண்டு, மறைக்க மாட்டேன். நான் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு இலக்கு இருந்தது. வருடத்துக்கு இத்தனை "கேஸ்". மார்ச் நெருங்கினால் தூக்கம் வராது. இரண்டாவது பிள்ளை பெற்றவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கணக்கெடுத்துக்கொண்டு போய், பேசிப் பேசி அழைத்துப்போயிருக்கிறேன். 1996ல் நாடு முழுக்க இலக்கு முறையைக் கைவிட்டார்கள். காகிதத்தில் போன வேகத்தில் அது எங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகுதான் எனக்கு அது போனது. சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகள் நிறைய. நிவாரண முகாமில் பணி போட்டிருந்தார்கள். ஒரு தாய், யாரோ கொடுத்த புதுச் சேலையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளையும் போய்விட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, கோபமே இல்லாமல், "நீங்கதானே சிஸ்டர் என்னைக் கூட்டிட்டுப் போனீங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி எத்தனையோ தாய்மார்கள் இருந்தார்கள். ஆபரேஷனில் வெட்டிய கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவையை அரசே இலவசமாகச் செய்துகொடுக்க ஏற்பாடு செய்தது. சிலருக்குப் பிள்ளை பிறந்தது. பலருக்குப் பிறக்கவில்லை. வெட்டிய குழாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வயது என்ன, இவற்றையெல்லாம் பொறுத்த விஷயம் அது. இணைத்தாலும் உறுதி கிடையாது.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 27 வயதில், கைக்குழந்தையோடு, "இனி ஒருபோதும் வேண்டாம்" என்ற முடிவை எடுக்கத் தேவையே இல்லாதபோது ஏன் எடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 30 வயதுக்கு முன்னால் செய்துகொண்டவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள் என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். பாதுகாப்பு என்று பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பெண்கள் ஆபரேஷன் 1,000 பேரில் ஏறக்குறைய 5 பேருக்குத் தவறிப்போகிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி முதல் வருடத்தில் 1,000 பேரில் 6 முதல் 8 பேருக்கு. ஒன்றைத் திரும்பப் பெற முடியாது, இன்னொன்றை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

அந்தக் காப்பர்-டியைப் பற்றித்தான் நம் ஊரில் இல்லாத கதையெல்லாம். நெஞ்சுக்கு ஏறிவிடும், குழந்தை தலையில் ஒட்டிக்கொண்டு பிறக்கும், கேன்சர் வரும். என் பையில் எப்போதும் ஒன்று, உறை பிரித்தது, மாதிரிக்கு இருக்கும். பேச்சுக் கொடுக்காமல் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துவிடுவேன். மூன்றரை சென்டிமீட்டர் நீளம், கையில் எடையே தெரியாது. வளையக்கூடிய வெள்ளை பிளாஸ்டிக், அதில் மயிர் மாதிரி சுற்றிய செம்புக் கம்பி, வாலில் இரண்டு நூல். "இம்புட்டுதானா?" என்பார்கள். அதன் கைகளை மடக்கி நிமிர்த்திப் பார்ப்பார்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும். கர்ப்பப்பை ஒரு மூடிய பை. அதிலிருந்து நெஞ்சுக்குப் போக வழி கிடையாது. செம்பு விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது, அதுதான் அதன் வேலை. ஹார்மோன் எதுவும் இல்லாததால் தாய்ப்பாலுக்கு ஒன்றும் ஆகாது. அரசு மருத்துவமனைகளில் இரண்டு வகை இலவசமாகக் கிடைக்கிறது: 380ஏ என்பது 10 வருடத்துக்கு, 375 என்பது 5 வருடத்துக்கு. எப்படியும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் 380ஏ போட்டுக்கொள்வதில் நஷ்டம் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் பொய் இல்லை. முதல் 3 மாதம், சிலருக்கு 6 மாதம், மாதவிலக்கு அதிகமாகவும் வலியோடும் வரும். நடுவில் துளித்துளியாகப் படும். இதை முன்கூட்டியே சொல்லாமல் போட்டு அனுப்பினால் எந்தப் பெண்ணும் பயந்துபோய்த்தான் எடுப்பாள். வலிக்கும் போக்குக்கும் அந்த நாட்களில் ஐந்து நாள் மாத்திரை தருவார்கள், கேட்கும். அதற்கும் அடங்கவில்லை, உடம்பு ஏற்கவில்லை என்றால் எடுத்துவிடுவதில் தோல்வி ஒன்றும் இல்லை.

உங்கள் ரத்தம் 9.4 என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். ரத்தசோகை இருப்பதாலேயே காப்பர்-டி கூடாது என்று இல்லை. ஆனால் அலட்சியமாகப் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது. இப்போதே இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்பியுங்கள். பூச்சி மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். களத்துமேட்டிலும் வயலிலும் வெறுங்காலோடு நடக்கிற நமக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கல்யாணத்துக்கு முன், முதல் பிள்ளைக்கு முன், உங்களுக்கு மாதவிலக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து துணி மாற்றுகிற, கட்டி கட்டியாகப் போகிற உடம்பு என்றால் காப்பர்-டி உங்களுக்கு முதல் தேர்வு இல்லை. மூன்று நாளில் அடங்குகிற உடம்பு என்றால் தாராளமாகப் போடலாம்.

அதிகமாகப் போகிறவர்களுக்கென்றே ஹார்மோன் சேர்த்த ஒன்று இருக்கிறது. அதே டி வடிவம். செம்புக்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும். போக்கு குறையும், சிலருக்கு நின்றேவிடும், ரத்தம் ஏறும். தஞ்சாவூர், கும்பகோணம் தனியார் மருத்துவமனைகளில் போடுகிறார்கள். விலை சில ஆயிரம். கைக்கு எட்டினால் நல்ல சாதனம். கையில் தோலுக்கடியில் வைக்கிற தீக்குச்சி மாதிரியான ஒன்றும் வந்திருக்கிறது, 3 வருடம் காக்கும். உங்கள் பக்கத்தில் கிடைத்தால் அதுவும் நல்லதுதான்.

ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தரா என்ற பெயரில் அரசே இலவசமாகப் போடுகிறது, 2017ல் இருந்து. மூன்று மாதத்துக்கு ஒன்று. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது. மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். பால் கொடுக்கிறவர்களுக்கு 6 வாரத்துக்குப் பிறகு போடலாம், ரத்தசோகைக்கும் நல்லது. கொஞ்சம் எடை கூடுவது உண்மை. ஆனால் ஊரில் சொல்கிற அளவுக்கு இல்லை. நிறுத்திய பிறகு பிள்ளை தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். சாயா என்றொரு கருத்தடை மாத்திரையும் உண்டு. லக்னோவில் மத்திய அரசின் மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது, ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், ஞாயிறு புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஞாயிறு மட்டும். இதுவும் பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்றது.

ஊசியிலும் சாயாவிலும் மருத்துவப் புத்தகத்தில் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டிலும் மாதவிலக்கு தள்ளிப்போகும். ஊசியில் நின்றே போகலாம். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை, கெட்ட ரத்தம் உள்ளே தேங்குவதும் இல்லை. ஆனால் கணவர் வெளிநாட்டில். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் ஆண்கள் வெளிநாடு போன வீட்டை சபுராளி வீடு என்பார்களே, அப்படி வீடுகளில் மருமகள் எந்தத் தேதியில் குளிக்கிறாள் என்பது கொல்லைப்புறக் கயிற்றில் காயும் துணியிலிருந்து தெருவுக்கே தெரியும். இரண்டு மாதம் துணி காயவில்லை என்றால் பேச்சு கிளம்பும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஊசி போட்டுக்கொண்டு, மூன்றாம் மாதம் குளிக்காமல் இருந்து, நாத்தனார் வாயில் விழுந்து, கடைசியில் நான் போய் அட்டையைக் காட்டிச் சொல்ல வேண்டி வந்தது. அவள் அனுமதி கேட்டுவிட்டுத்தான் காட்டினேன். ஆனாலும் ஒரு பெண் தன் மானத்துக்கு நர்ஸிடம் சாட்சி வாங்க வேண்டியிருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீடு அப்படிப்பட்டது இல்லை என்றால் நல்லது. அப்படிப்பட்டதாக இருந்தால் மாதாமாதம் வருகிற மாதவிலக்கை நிறுத்தாத காப்பர்-டிக்கு இன்னொரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். இதே தெரு மறுபக்கமும் பேசும்: "புருஷன் ஊர்ல இல்ல, இவளுக்கு எதுக்கு காப்பர்-டி?" உங்கள் அனுமதி இல்லாமல் செவிலியரோ டாக்டரோ வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. ஊர் நர்ஸம்மா உறவுக்காரர், வாய் நிற்காது என்று தோன்றினால் பக்கத்து வட்டார மருத்துவமனைக்குப் போங்கள். எங்கள் துறை என்று மறைக்க மாட்டேன், அப்படியும் ஆட்கள் உண்டு.

போடுகிற அன்று என்ன நடக்கும்? கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள். நீங்கள் இன்னும் குளிக்காததால் சிறுநீர் சோதனை பார்ப்பார்கள். கணவர் கடைசியாக எப்போது ஊரில் இருந்தார் என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாதவிலக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்ளே சோதித்துப் பார்த்து, பையின் நீளத்தை ஒரு மெல்லிய கம்பியால் அளந்து, குழாயில் வைத்து உள்ளே விடுவார்கள். ஐந்து பத்து நிமிடம். மாதவிலக்கு வலி மாதிரி சுருக்கென்று ஒரு பிடிப்பு; சிலருக்குத் தலை சுற்றும், எழுந்து உடனே ஓடாதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: பால் கொடுக்கிற காலத்தில் கருவி பையைத் துளைத்துவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பொதுவாக 1,000ல் ஒருவருக்கு நடக்கிற அரிய விஷயம்தான். இருந்தாலும் இரண்டு சிசேரியன் ஆனதையும் பால் கொடுப்பதையும் முதலிலேயே சொல்லி, பழகிய கை உள்ள மகப்பேறு டாக்டரிடம் போட்டுக்கொள்ளுங்கள். மன்னார்குடி அரசு மருத்துவமனையோ திருவாரூர் மருத்துவக் கல்லூரியோ, உங்களுக்கு இரண்டுமே தூரம் இல்லை.

போட்ட மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் வந்தால் அன்றே போக வேண்டும். மாதவிலக்கு திரும்பிய பிறகு, ஒவ்வொரு முறை முடிந்ததும் விரலால் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் 100 பேரில் சில பேருக்கு அது தானாகவே வெளியே வந்துவிடும், தெரியாமலும் போகும். நூல் காணவில்லை என்றால் உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் உள்ளே சுருண்டிருக்கும். ஸ்கேனில் தெரிந்துவிடும், அதுவரை ஆணுறை. நூல் கணவருக்கு உறுத்துகிறது என்றால் கொஞ்சம் கத்தரித்துவிடுவார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிற ஒன்றைக் கேட்கிறேன். நாலைந்து வருடம் கழித்து, பிள்ளைகள் தேறிவந்த பிறகு, உண்மையிலேயே போதும் என்று இருவரும் முடிவெடுத்தால், ஆபரேஷன் ஏன் உங்களுக்கு? வயிற்றை இரண்டு முறை அறுத்தாகிவிட்டது. உள்ளே ஒட்டுதல் இருக்கும். மூன்றாவதாகக் கத்தி வைப்பதும் குழாயைத் தேடுவதும் மற்றவர்களைவிடச் சிரமம். ஆண்களுக்கான நவீன வாசெக்டமியில் கத்தியே இல்லை, தையலும் இல்லை. விதைப்பையின் தோலில் ஊசித்துளை அளவுக்குத் திறந்து, விந்துக்குழாயைக் கட்டி வெட்டிவிடுவார்கள்; 1974ல் சீனாவில் ஒரு டாக்டர் கண்டுபிடித்த முறை. மரத்துப்போகிற ஊசி, 15 நிமிடம், அரை மணி நேரத்தில் நடந்தே வீட்டுக்கு. தவறுவது 1,000ல் ஒன்றிரண்டு. ஆண்மை போகாது, மூட்டை தூக்கும் பலம் போகாது. விந்து வரும், அதில் அணு மட்டும் இருக்காது. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பளு தூக்காமல் இருந்தால் போதும்.

ஒரே நிபந்தனை, அன்றே பலன் வராது. குழாயில் மிச்சமிருக்கும் அணுக்கள் தீர 3 மாதம் ஆகும். அதன்பின் விந்துப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால்தான் உறுதி. லீவில் வருகிற கணவருக்கு இது வாகாக அமைந்துவிடும். ஒரு லீவில் செய்துகொண்டு, அந்த லீவு முடியும்வரை ஆணுறை; அடுத்த லீவில் இறங்கியதும் பரிசோதனை. நடுவில் 11 மாதம் தானாகவே ஓடிவிடும். என் கையால் அப்படி அழைத்துப்போன துபாய்க்காரர் ஒருவர் உண்டு. மச்சான்கள் கேலிக்குப் பயந்து வீட்டில் பல் வலி என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இருந்தது விஷயம்.

ஆனால் அப்படி வந்தவர்கள் என் 32 வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1950களின் பிற்பகுதியில் ஆண்கள் அறுவைக்கு நாட்டிலேயே முன்னோடியாக இருந்தது அன்றைய மதராஸ் மாநிலம் என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே கட்டாயப்படுத்திச் செய்ததற்குப் பிறகு அந்தப் பெயரே கெட்டுப்போனது. அரசு ஒவ்வொரு வருடமும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இருவார விழிப்புணர்வு முகாம் நடத்துகிறது. டெல்லியில் நாள் குறித்தவர்களுக்கு நம் கார்த்திகை மாதம் தெரியாது போல. வெளியே அடைமழை, பாதி ஆண்பிள்ளைகள் கழுத்தில் சபரிமலை மாலை. நோட்டீஸை நீட்டினால் "சாமி சரணம்" என்று நகர்ந்துவிடுவார்கள்.

எல்லாம் யோசித்து, இல்லை, நானே ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை. 22 வயது ஆகி, ஒரு வயது தாண்டிய பிள்ளை ஒன்று இருந்தால் செய்வார்கள். பெண் செய்துகொள்ளக் கணவரின் கையெழுத்து சட்டப்படி கட்டாயம் இல்லை. வழக்கத்தில் கேட்பார்கள், அது வேறு. நடவு, அறுப்பு இல்லாத மாதமாகப் பாருங்கள். ஒரு மாதமாவது குனிந்து கட்டு தூக்காமல் இருக்க வேண்டும், நம் வீடுகளில் அது வேலை இல்லாத பருவத்தில்தான் நடக்கும். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் தவறிப்போனால் இழப்பீடு கேட்க வழி உண்டு. கர்ப்பம் தெரிந்த 90 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

எந்த முறை தவறினாலும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கலைக்காதீர்கள். தழும்பு உள்ள கர்ப்பப்பை, அது விளையாட்டு இல்லை. கருத்தடை முறை தவறி உண்டான கர்ப்பத்தை 20 வாரத்துக்குள் கலைக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, அரசு மருத்துவமனையில், ரகசியமாக. காப்பர்-டி இருக்கும்போது நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாக அடிவயிறு குத்தி, மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடுங்கள். குழாயில் கரு தங்கியிருக்கலாம்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது. இவற்றில் எதுவும் பால்வினை நோயையோ எச்.ஐ.வியையோ தடுக்காது. ஆணுறை மட்டும்தான் தடுக்கும். வருடக்கணக்கில் பிரிந்திருக்கிற குடும்பங்களில் இதைப் பேசாமல் விட்டுவிட்டு, கர்ப்பப் பரிசோதனையில் தெரிந்து உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை.

நீங்கள் என் தங்கை மகளாக இருந்தால் நான் இப்படிச் சொல்வேன். இந்த வாரமே சத்து மாத்திரை. மாதவிலக்கு அடக்கமாக வருகிற உடம்பு என்றால் தை பிறப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே 380ஏ. ஆரம்பக்கட்டப் போக்கும் வலியும் அவர் வருவதற்குள் அடங்கிவிடும். அதிகம் போகிற உடம்பு என்றால், கைக்காசு இருந்தால் ஹார்மோன் டி, இல்லாவிட்டால் சாயாவோ ஊசியோ, அதுவும் அவர் விமானம் ஏறுவதற்கு வெகு முன்பே. மாமியாரிடம் "ரத்தம் கம்மியா இருக்கு, இப்ப ஆபரேஷன் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க அத்தை" என்றால் போதும், 9.4ல் ஆபரேஷனுக்கு அவசரம் வேண்டுமா என்று டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அப்போது அது பொய்யாகவும் இருக்காது. கணவரிடம் லீவில் நேரில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் பேசினால் அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுவார்.

போட்டதும் ஒரு அட்டை கொடுப்பார்கள், போட்ட தேதியும் எடுக்க வேண்டிய வருடமும் எழுதி. அதை ரேஷன் கார்டு, ஆதார் வைக்கிற பையிலேயே வையுங்கள், ஒரு போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பிவையுங்கள். நான் ஓய்வு பெறுகிற வருடம், மூட்டு வலிக்கு எக்ஸ்ரே எடுக்கப்போன ஒரு அம்மா இடுப்பு எலும்புக்கு நடுவே தெரிந்த சின்ன டியைக் காட்டி "இது என்ன சிஸ்டர்?" என்றார். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு போட்டது. அந்தப் பிள்ளைக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.